வற்றல் போகட்டும், உள்ளே வாருங்கள்

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. துறையூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், விடிவதற்கு முன்பே அத்தை ஜவ்வரிசிக் கூழ் காய்ச்சி இரண்டு வேட்டி நிறைய வற்றல் ஊற்றி முடித்துவிட்டார். எனக்கு டவுனில் ஐந்து வேலை. வருஷத்துக்கான மிளகாயையும் மல்லியையும் மில்லில் கொடுத்து அரைக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த மகளுக்கு வருமானச் சான்று வாங்க இ-சேவை மையம் போக வேண்டும். பாஸ்புக்கில் வரவு போட வேண்டும். அத்தைக்கு பிரஷர் மாத்திரை வாங்க வேண்டும். மழுங்கிப்போன மிக்ஸி ஜாரைச் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும்.

அன்று மாலை நாலரை மணிக்கு இடியும் மின்னலுமாக ஒரு மழை அடித்தது. “திடீர்னு வந்துடுச்சு” என்றுதான் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். இருபது வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் என்பதால் எனக்கு இதில் ஒரு ஆதங்கம் உண்டு. இடிமழை காலையிலிருந்தே சொல்லிக்கொண்டுதான் வருகிறது. அது சொல்வதைக் கேட்கத் தெரிந்தால் உயிர்கள் தப்பும். டீ போட்டு வைத்திருக்கிறேன். உட்காருங்கள், அந்த ஒரு நாளை வைத்தே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெயில் அப்போது பெரிதாக இல்லை, புழுக்கம்தான். புழுக்கம் என்றால் காற்றில் நீராவி நிறைய இருக்கிறது, அதனால் நம் வியர்வை காய மறுக்கிறது என்று பொருள். எங்கள் பக்கம் மே மாதத்தில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வரும், கிழக்கே வங்கக் கடலிலிருந்து ஈரக் காற்று வரும். இரண்டும் உள் மாவட்டங்களின் மேல் எங்காவது முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தில் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழி இருக்காது. புழுக்கம்தான் அன்றைய முதல் தகவல்.

மில்லில் மிளகாய் நெடிக்கு எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தோம். வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வடக்கே பார்த்தேன். பச்சைமலை உச்சிக்கு மேல் பஞ்சுப்பொதி போல நாலைந்து வெள்ளை மேகங்கள். அப்போது மணி பதினொன்று. இ-சேவை மையத்தில் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, வேலை முடிந்து பன்னிரண்டரைக்கு வெளியே வந்தபோது அந்தப் பொதிகள் ஒன்றாகச் சேர்ந்து காலிபிளவர் போலத் திரண்டிருந்தன. அடியில் தட்டையாக, கொஞ்சம் கறுப்பாக. மேலே கொத்துக் கொத்தாக, சுண்ணாம்பு வெள்ளையில். அகலத்தைவிட உயரம் அதிகமாகிக்கொண்டே போகும் மேகத்தைப் பகலில் பார்த்தால், அது இடிமேகமாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இது இரண்டாவது தகவல்.

அந்த மேகத்துக்கு அவ்வளவு உயரம் போகப் பலம் எங்கிருந்து வருகிறது? டீக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீர் கையில் பட்டதைவிட பாய்லர் ஆவி பட்டது மோசமாகப் பொத்துவிடும் என்பார். தண்ணீர் ஆவியாகும்போது அடுப்புச் சூட்டை உள்ளே வாங்கி ஒளித்து வைத்துக்கொள்கிறது. ஆவி திரும்பத் தண்ணீராகும்போது அந்தச் சூட்டை அப்படியே கக்கிவிடுகிறது. மேகத்திலும் இதுதான் நடக்கிறது. சூடான ஈரக் காற்று மேலே போய்க் குளிர்ந்து, நீராவி துளியாகும்போது சூடு வெளிப்படும். அந்தச் சூடு சுற்றியிருக்கும் காற்றை இன்னும் இலேசாக்கும், அது இன்னும் மேலே போகும். ஒரு லிட்டர் தண்ணீரைப் பானையில் சுண்டச் சுண்ட வற்ற வைக்க எவ்வளவு சூடு வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூடு ஒவ்வொரு லிட்டர் மழைக்கும் மேகத்துக்குள் வெளிப்படுகிறது. அதனால்தான் உள்ளே காற்று மணிக்கு 40, 60 கிலோமீட்டர் வேகத்தில் செங்குத்தாக ஏறுகிறது. அடிப்பகுதி நம் தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும்.

டி.வி.யில் “அடுத்த மூன்று மணி நேரத்தில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு” என்று மாவட்டப் பெயர்களை வாசிப்பார்களே, அது ஏன் மூன்று மணி நேரம் மட்டும் என்று மகள் ஒருமுறை கேட்டாள். தனி இடிமேகம் ஒன்றின் ஆயுளே அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். பிறந்து, பெய்து, ஓய்ந்துவிடும். எந்த ஊரின் தலைக்கு மேல் எழும்பும் என்பதை முதல் நாளே குறித்துக் கொடுக்க முடியாது. ராடாரில் பார்த்துக்கொண்டே இருந்து, எழும்பியதும் சொல்வார்கள். அதனால் அந்த அறிவிப்பு வந்தால் அது இன்றைக்கு, இப்போதைக்கு உரியது. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் ‘தாமினி’ என்று ஒரு கைபேசிச் செயலி வைத்திருக்கிறது. நாம் இருக்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். இலவசம்தான். வீட்டில் ஒருவர் போனிலாவது இருக்கட்டும்.

மூன்றரை மணிக்கு நான் மாத்திரையும் மிளகாய்ப்பொடித் தூக்குமாக வீடு திரும்பினேன். மேகம் எங்கள் தலைப்பக்கம் வந்திருந்தது. வரும் வழியில் ஏரிக்கரைப் புளியமரத்தடியில் ஆடு மேய்க்கிற அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, மேகம் கருக்குது. ஆட்டை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க.”

“இதெல்லாம் கலைஞ்சு போயிடும் தாயி. தினம் இப்படித்தான் கூடுது, பெய்ய மாட்டேங்குது.”

“பெய்யாட்டியும் இடி விழும்க்கா. மரத்தடி மட்டும் வேணாம்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை உதறி எழுந்தார். இந்த ஒரு நிமிடப் பேச்சுக்காகத்தான் இந்தப் பத்தியையே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியாவில் மின்னல் தாக்கி இறந்தவர்கள் 2,887 பேர். வெயில், குளிர், வெள்ளம் என்று இயற்கையின் கையால் இறப்பவர்களில் பெரிய பங்கு மின்னலுக்கே. அவர்களில் பெரும்பாலோர் வயலில் களை எடுத்தவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கியவர்கள்.

நாலு மணிக்கு அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அதுவரை அசையாமல் நின்ற வேப்பமரம் ஒரேயடியாகச் சாய்ந்து ஆடியது. ஜன்னல் கதவு படீரென்று அறைந்தது. ஜில்லென்று காற்று, கூடவே மண்வாசனை. எங்கள் தெருவில் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஆனால் பக்கத்தில் எங்கோ பெய்துகொண்டிருக்கிறது. மேகத்திலிருந்து விழும் மழை வழியில் பாதி ஆவியாகிக் காற்றைக் குளிர வைக்கும். குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே சரிந்து, தரையில் மோதி நாலாப் பக்கமும் ஓடும். அந்தக் காற்றுதான் மழைக்கு முன்னால் வந்து நம் கதவைத் தட்டுகிறது. பெய்த இடத்து மண்வாசனையையும் அதுவே சுமந்துகொண்டு வருகிறது. 1964-ல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் இந்த வாசனையை ஆராய்ந்து அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் வைத்தார்கள். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளுக்கும் இதில் பெரிய பங்குண்டு. மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது பொடிப்பொடிக் குமிழிகள் வெடித்து அதைக் காற்றில் ஏற்றிவிடுகின்றன. அனுபவிக்க வேண்டிய வாசனைதான், மறுக்கவில்லை. ஆனால் வாசனை எட்டும் தூரத்தில் மழை இருக்கிறது என்றால், மின்னல் எட்டும் தூரத்தில் நாம் இருக்கிறோம். இது மூன்றாவது தகவல், கடைசித் தகவலும்கூட.

அத்தை படிக்கட்டில் கால் வைத்துவிட்டார்.

“வத்தல் நனைஞ்சிடும்மா. ரெண்டே நிமிஷம், வேட்டியோட சுருட்டிக்கிட்டு வந்துடறேன்.”

அதே நேரம் வடக்கே ஒரு மின்னல். “ஒண்ணு, ரெண்டு, மூணு...” என்று நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்து நாலில் இடி கேட்டது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். “வேணாம் அத்தை. எட்டு கிலோமீட்டர்ல இருக்கு. வத்தல் போனாப் போகட்டும்.”

இந்த எண்ணிக்கை எளிமையான கணக்கு. மின்னலின் ஒளி கண் இமைப்பதற்குள் வந்துவிடும். இடியின் ஓசை வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் நடக்கும், அதாவது மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் தூரம் வந்துவிடும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே வீட்டுக்குள் போக வேண்டும். கடைசி இடி கேட்டதிலிருந்து முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். எண்ணத் தெரியாத குழந்தைக்கு இதையே ஒரே வரியில் சொல்லிக் கொடுக்கலாம்: இடி கேட்டால் வீட்டுக்குள் ஓடு.

எட்டு கிலோமீட்டர் தூரத்து மின்னல் இங்கே வந்து என்ன செய்யும் என்று அத்தை கேட்டார். டீயைக் கையில் கொடுத்து, கூடத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். சீப்பால் தலையை வாரிவிட்டுக் காகிதத் துணுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது துள்ளி ஒட்டிக்கொள்ளும் அல்லவா? உரசலில் மின்சாரம் பிரிகிறது. எங்கள் ஊர் மேகத்தில் ஐந்து கிலோமீட்டருக்கு மேலே போனால் மே மாதத்திலும் பனிக்கட்டிக் குளிர்தான். அங்கே பொடிப் பனித்துகள்கள் மேலே ஏறுகின்றன, கனத்த மெத்தென்ற ஆலங்கட்டிகள் கீழே இறங்குகின்றன. ஒன்றோடொன்று உரசும்போது துகள்கள் நேர் மின்னேற்றத்தை உச்சிக்குக் கொண்டுபோகும், ஆலங்கட்டிகள் எதிர் மின்னேற்றத்தோடு நடுவில் தங்கும். சேர்ந்து சேர்ந்து, காற்றால் தடுத்து வைக்க முடியாத நிலை வரும். அப்போது மேகத்திலிருந்து ஒரு கிளை, ஐம்பது மீட்டர் ஐம்பது மீட்டராகத் தாவித் தாவி இறங்கும். தரைக்குக் கிட்டே வந்ததும் தென்னை, கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடியில் நிற்கும் ஆள் என்று உயரமானவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கீற்றுகள் மேல்நோக்கி எழும். எது முதலில் தொடுகிறதோ அதன் வழியே சுமார் 30,000 ஆம்பியர் மின்சாரம் பாயும். நம் வீட்டு மிக்ஸிக்கு மூன்று ஆம்பியர் தாராளம். அந்த வழியில் காற்று 30,000 டிகிரி வரை கொதிக்கும். சூரியனின் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அவ்வளவு சூட்டில் காற்று வெடித்து விரிவதுதான் இடி. மேகத்தின் உச்சியிலிருந்தும் ஓரங்களிலிருந்தும் பக்கவாட்டில் ஓடிவிட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி மழையே இல்லாத ஊரில் மின்னல் இறங்குவதும் உண்டு. அதனால்தான் முப்பது வரை எண்ணச் சொல்கிறேன்.

எண்ணிக்கை பதினைந்தானது, பிறகு ஆறானது. அடுத்தது எண்ணவே இடம் கொடுக்கவில்லை. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, கரண்ட் போனது. பின்தெருத் தென்னை ஒன்றின் குருத்திலிருந்து கொட்டும் மழையிலும் புகை எழுந்தது. மரத்துக்குள் இருக்கும் ஈரம் ஒரு நொடியில் ஆவியாகிவிட்டால் மரம் என்ன ஆகும்? அடிமரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டை உரிந்து கிடந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அதன்பிறகு வற்றலைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்குள் வந்துவிட்டால் மட்டும் போதாது. மின்னல் வீட்டுக்குள் நுழைய இரண்டு வாசல் உண்டு: ஒயரிங், குழாய். இடி நேரத்தில் குளிக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம். டி.வி., பிரிட்ஜ், மோட்டார் பிளக்கை இடி நெருங்குமுன் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் பிளக்கைத் தொடாதீர்கள், பொருள் போனால் போகட்டும். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோமே என்று இருக்க வேண்டாம். அவை வீட்டு மின்சாரக் கோளாறுக்கானவை, மின்னலுக்கு ஈடு கொடுக்காது. சார்ஜரில் மாட்டாத கைபேசியில் பேசலாம். சார்ஜரில் மாட்டிக்கொண்டும், ஒயர் உள்ள பழைய டெலிபோனிலும் பேசக் கூடாது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழை பார்ப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். இரண்டடி தள்ளி நாற்காலி போட்டுப் பாருங்கள், அதே மழைதான்.

வெளியே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பஸ்ஸும் காரும் நல்ல இடம். ரப்பர் டயர் காப்பாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காப்பது சுற்றியிருக்கும் உலோகக் கூடு. மின்சாரம் அதன் வெளிப்பக்கமாகவே ஓடி மண்ணில் இறங்கிவிடும். அந்தக் கூடு டூவீலருக்கு இல்லை. நாலு கால் நட்டுத் தகரம் போட்ட கொட்டகை மழைக்குத்தான் ஆகும், மின்னலுக்கு ஆகாது. மரத்தடி எல்லாவற்றிலும் மோசம். மரத்தில் விழுந்த மின்னல் பக்கத்தில் நிற்கும் உடம்புக்குத் தாவும். தரை வழியாகவும் பரவும். மரத்தடியில் கட்டிய மாடுகள் கூட்டமாகச் செத்து விழுவது இதனால்தான். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் உள்ள இடைவெளியில் மின்சாரம் ஏறி இறங்குகிறது. வெட்டவெளியில் வேறு வழியே இல்லை என்றால், கும்பலாக நிற்காமல் பிரிந்து, மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, இரண்டு காலையும் ஒட்டி வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். இது கடைசி வழி. முதல் வழி, இடி கேட்டதுமே வயலைவிட்டுக் கிளம்புவது.

இடி இடித்தால் அத்தை “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்பார். அவருடைய அம்மாவும் அப்படித்தான் சொன்னாராம். சொல்லட்டும், பயந்த மனசுக்கு அது ஒரு பிடிமானம். வீட்டுக்குள் உட்கார்ந்து சொன்னால் போதும். கோபுரக் கலசம் ஊரையே மின்னலிலிருந்து காக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதை நம்பி வெளியே நிற்காதீர்கள். உயரத்தில் ஒரு செம்பு இருந்தால் மட்டும் போதாது. அதிலிருந்து கனமான கம்பி தடையில்லாமல் இறங்கி மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால்தான் அது இடிதாங்கி. 1752-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பட்டம் விட்டு மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்டிய காலத்திலிருந்து இந்த விதி மாறவில்லை.

ஒருவரை மின்னல் தாக்கிவிட்டால் அவரைத் தொடப் பலர் பயப்படுகிறார்கள். அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, தாராளமாகத் தொடலாம். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சும் அசைவும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு விடாமல் அழுத்துங்கள். மின்னல் நிறுத்திய இதயத்தைத் திரும்ப ஓட வைக்க முடியும். மழை நின்றபின் தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் மட்டும் கதை வேறு. கிட்டே போகாமல், மற்றவர்களையும் விடாமல், மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987-க்குப் போன் செய்யுங்கள்.

ஐந்து இருபதுக்குக் கடைசி இடி. ஐந்து ஐம்பதுக்குத்தான் மாடிக்குப் போனோம். ஒரு வேட்டி வற்றல் முழுக்கக் கரைந்து கூழாகியிருந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் விரித்தது பாதி தப்பியது. மூலையில் வைத்திருந்த நேரான சுவர் கொண்ட பெயிண்ட் டப்பாவில் மகள் ஸ்கேலை விட்டுப் பார்த்தாள். 22 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். எங்கள் மாடி 900 சதுர அடி, அதாவது சுமார் 84 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 1,840 லிட்டர் தண்ணீர் குழாய் வழியாக மழைநீர்க் குழிக்குள் இறங்கியிருக்கிறது. 2003-ல் தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி அது. கணக்கைக் கேட்டதும் அத்தையின் முகம் தெளிந்தது. “ஒரு வேட்டி வத்தலுக்கு இவ்வளவு தண்ணியா” என்றார்.

வற்றல், கொடியில் துணி, களத்தில் நெல், மாடியில் மிளகாய் என்று நம் வீடுகளில் மழைக்கு எடுக்க வேண்டிய பொருள் எப்போதும் இருக்கும். காலையில் புழுக்கம், மதியம் காலிபிளவர் மேகம் என்று பார்த்தால் இரண்டு மணிக்கே எடுத்துவிடுங்கள். அப்போது தவறவிட்டால், முதல் இடிக்குப் பிறகு அது மழைக்குப் போன பொருள் என்று விட்டுவிடுங்கள். யார் மாடிப்படி ஏறினாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். வயலில், ஏரிக்கரையில் யாராவது இருந்தால் ஒரு குரல் கொடுங்கள்.

மறுநாள் காலை மாவு அரைக்கப் போகும் வழியில் அந்த ஆட்டுக்கார அக்காவைப் பார்த்தேன். ஏரிக்கரையில் ஆடுகள் ஈரப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன. அவர் மரத்தடியை விட்டுத் தள்ளி, வெயிலில் நின்றிருந்தார்.